இரத்தக் கொதிப்பு மாத்திரையை உட்கொள்ளும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்குமான பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றை அனுபவிக்க வேண்டிய மனிதன் உடல் நலத்தோடு இருந்தாலன்றி இவற்றின் பயன் முழுமை பெறாது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அளவில் மிகச் சிறியது, ஒரு மாத்திரை. இரத்தக் கொதிப்பு என்று மக்கள் வழங்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை அது. அரசினர் ஆஸ்பத்திரியில் விலையின்றியே கிடைக்கிறது. எனினும் அதனை முறையாக உட்கொள்ளாமையால் வரும் துன்பம் பெரிது. ஆதலின் அதனை எவ்வாறு உட்கொள்வது, எப்போது எச்சரிக்கையாக இருப்பது என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூற விரும்புகிறோம்.

நோயின் இயல்பு

இதயம் இரத்தத்தைக் குழாய்களில் செலுத்தும்போது குழாயின் சுவர்மீது ஏற்படும் அழுத்தமே இரத்த அழுத்தம் எனப்படுகிறது. கருவியில் பார்க்கும்போது இரண்டு எண்கள் கூறுவார்கள். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140-ஆகவோ அதற்கு மேலாகவோ, அன்றிக் கீழ் எண் 90-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்குமானால் அது நோய் என்று கொள்ளப்படும்.

இந்நோய் நகரத்தாருக்கே உரியது என்ற எண்ணம் தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இந்நோய் உடையவர்கள். அதாவது மூவரில் ஒருவர். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையோ, உலகில் இந்நோயுடையோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாகக் கூறுகிறது.

மற்ற நோய்களுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது. பல் கெட்டால் வலிக்கிறது. இரத்த அழுத்தமோ 170-க்கு ஏறியிருந்தாலும் பெரும்பாலோர்க்கு ஒன்றும் தெரிவதில்லை. தலைவலியோ மயக்கமோ வந்தால்தான் கொதிப்பு என்று கருதுபவர் பலர். அது சரியன்று. ஏர் பிடித்தும், நாற்று நட்டும், மூட்டை சுமந்தும் திரியும் ஒருவருக்கு உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கலாம். கருவி வைத்துப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை.

முற்காலமும் இக்காலமும்

மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் செய்த கேட்டுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அழுத்தம் 186/108 என்று குறிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அது 300/190 என்ற அளவுக்கு ஏறி, மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, 63-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். உலகின் மிகப் பெரிய நாடுகளுள் ஒன்றின் தலைவர்; அருகிலேயே டாக்டர்கள் இருந்தனர். எனினும் அழுத்தத்தைத் தக்கபடி குறைக்கும் மாத்திரை அன்று அவர்களிடம் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பம்பாய் நகரத்து இதய நோய் நிபுணரான டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எடுத்துக்காட்டினார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1950-களின் இறுதியில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் வந்தன. அதன்பின் படிப்படியாக மேலும் நல்ல மருந்துகள் வந்துள்ளன. அன்று ஒரு நாட்டுத் தலைவருக்குக் கிடைக்காதது இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கிறது.

மாத்திரை செய்யும் வேலை

நம் சுகாதார நிலையங்களில் மிகுதியாக வழங்கப்படும் மாத்திரைகளுள் ஒன்று அம்லோடிபின். பெரும்பாலும் 5 மில்லிகிராம் அளவில் நாளைக்கு ஒன்று கொடுப்பார்கள். இது இரத்தக் குழாயின் சுவரிலுள்ள இறுக்கத்தைத் தளர்த்தி வழியை அகலமாக்குகிறது. அதனால் அழுத்தம் குறைகிறது. டெல்மிசார்டன், எனலாப்ரில் ஆகியவை குழாயைச் சுருக்கும் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலில் மிஞ்சிய உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. அட்டெனோலால் போன்றவை இதயத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றுள் எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

அம்லோடிபின் மாத்திரையை உணவுக்கு முன்னரும் கொள்ளலாம், பின்னரும் கொள்ளலாம். காலையாயினும் இரவாயினும் நாள்தோறும் ஒரே வேளையில் கொள்வது நலம். முதல் நாளிலேயே முழுப் பயனை எதிர்பார்த்தல் கூடாது. மருந்து இரத்தத்தில் நிலைபெற ஒரு வார காலம் ஆகும். 'இரண்டு நாள் போட்டேன், குறையவில்லை' என்று தாமாகவே இரண்டு மாத்திரை விழுங்குவது ஆபத்தானது.

நிறுத்துவதால் வரும் கேடு

இன்று நாம் கூறுவனவற்றுள் தலையாயது இதுவேயாகும்.

ஓர் உழவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பது. அழுத்தம் 170/100. இரண்டு மாதம் தவறாமல் மாத்திரை உட்கொள்கிறார். மூன்றாம் மாதம் பார்த்தபோது 130/80. 'நோய் தீர்ந்தது' என்று மகிழ்கிறார். அறுவடைக் காலம் வருகிறது. கையிலிருந்த மாத்திரை தீர்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அரைநாள் வேலை கெடும். உடம்பிலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆதலின் விட்டுவிடுகிறார். மருந்து நின்ற சில நாட்களில் அழுத்தம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே ஏறிவிடுகிறது. அதுவும் அவருக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் விடியற்காலை எழுந்து மண்வெட்டியை எடுக்கப் போகிறார், வலக்கை எழவில்லை, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டின் கதையே மாறிவிடுகிறது. உழைத்தவர் திண்ணையில் கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி கூலி வேலையை விடுகிறாள். மகனின் படிப்பு நிற்கிறது. நிலம் ஒத்திக்குப் போகிறது.

இவர் சோம்பேறியல்லர், அறிவில்லாதவருமல்லர். 130/80 என்பது மாத்திரையினால் வந்த எண் என்பதை யாரும் அவருக்கு விளங்கச் சொல்லவில்லை, அவ்வளவே. ஏரி நிரம்பி நிற்கும்போது மிகுநீர் கலிங்கு வழியே வழிந்து செல்வதால்தான் கரை நிற்கிறது. கரை உடையவில்லையே என்று கருதிக் கலிங்கை அடைப்பவர் யாரேனும் உண்டோ? அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவதும் அத்தகையதே. எண் சரியாயிருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. மாத்திரை வேண்டாம் என்பதற்குச் சான்றன்று.

தொடர்ந்து உட்கொள்வதால் விளையும் நன்மையையும் அறிய வேண்டும். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 123 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-இல் லான்செட் என்ற மருத்துவ ஏடு வெளியிட்டது. மேல் எண் 10 அளவு குறைந்தால், பக்கவாதம் வரும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பது அதன் முடிவு.

அட்டெனோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. இதய நோயுள்ளவர்க்கு மார்வலியும் மாரடைப்பும் வரக்கூடும். நிறுத்த வேண்டுமாயின் டாக்டர் சிறிது சிறிதாகவே குறைப்பார். பொதுவாக எந்த மாத்திரையாயினும், குறைப்பதும் மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்ட பின்னரே.

விரத நாள், கோயில் பயணம், திருமண வீடு, கதிரறுப்பு ஆகியவற்றைக் காரணங்காட்டி மாத்திரையை விடுதல் வேண்டாம். விரத நாளில் மாத்திரை எப்போது கொள்வது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் பார்க்கப் போகும் நாளிலும் வழக்கம்போல் மாத்திரையைக் கொண்டே செல்ல வேண்டும். அன்றுதான் மருந்து போதுமா என்பது தெரியவரும்.

மறந்துவிட்டால்

மறதி எல்லோர்க்கும் இயல்பு. காலையில் மறந்ததை அன்றைக்குள் நினைவு வந்தால் அப்போதே உட்கொள்ளலாம். அந்த நாள் முழுவதும் கழிந்துவிட்டால் அதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான ஒரு மாத்திரையை மட்டும் கொள்ள வேண்டும். விட்டதற்கு ஈடாக இரண்டு சேர்த்து விழுங்குதல் கூடாது. அழுத்தம் அளவு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும். பல் துலக்குதல், முதல் காப்பி, இரவு உணவு போன்ற அன்றாடப் பழக்கமொன்றோடு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் மறதி குறையும்.

அண்டை வீட்டு மாத்திரை

'எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்' என்று தம் மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்கும் நல்லெண்ணம் நம் கிராமங்களில் உண்டு. உப்பும் மிளகாயும் கடன் கொடுப்பது போன்றதன்று இது. ஆஸ்துமா உள்ளவர்க்கு அட்டெனோலால் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். டெல்மிசார்டன், எனலாப்ரில் ஆகியவை கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ஆதலின் கர்ப்பிணிகள் அவற்றைக் கொள்ளவே கூடாது. அவற்றை உட்கொண்டு வரும் பெண் கருவுற்றால், அல்லது கருவுற விரும்பினால், உடனே டாக்டரிடம் கூற வேண்டும். வேறு மாத்திரை தருவார்கள்.

உடன் சேரக்கூடாதவை

உழவர் பெருமக்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடவு, களையெடுப்பு, அறுவடை முடிந்தபின் இடுப்பு வலி, மூட்டு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்குவது வழக்கமாகிவிட்டது. டைக்லோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; கொதிப்பு மாத்திரையின் பயனையும் குறைக்கும். டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரிலோடு சிறுநீர் மாத்திரையும் கொள்பவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் பழுதுபடும் அபாயம் உண்டு. கடைக்காரரிடம் 'வலிக்கு ஒன்று கொடுங்கள்' என்பதோடு நில்லாமல், 'நான் கொதிப்புக்கு இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று கூறிக் கேட்க வேண்டும். பலருக்குப் பாரசிட்டமால் போதுமானது. சளிக்கும் மூக்கடைப்புக்கும் விற்கப்படும் சில மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு சொல். இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரம் மிகுதியாகவோ நெடுநாளோ உட்கொள்ளப்பட்டால் அழுத்தத்தை உயர்த்தும். பொட்டாசியச் சத்தையும் குறைக்கும். சர்ப்பகந்தி சேர்ந்த சூரணமோ அழுத்தத்தைக் குறைக்கும். மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மீறலாம். நாட்டு மருந்தை இகழ்வது நம் நோக்கமன்று. எதை உட்கொண்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள். 'உப்புக்குப் பதில் உப்பு' என்று விற்கப்படும் பொட்டாசிய உப்பை, டெல்மிசார்டன், எனலாப்ரில் கொள்பவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் கேளாமல் பயன்படுத்தலாகாது.

வெயிலும் வயிற்றுப்போக்கும்

சித்திரை வைகாசி வெயிலில் உழைக்கும்போது உடலிலுள்ள நீர் வியர்வையாகப் போகிறது. வாந்தியும் பேதியும் வந்தாலும் அவ்வாறே. அந்நேரத்தில் சிறுநீர் மாத்திரை, டெல்மிசார்டன், எனலாப்ரில் ஆகியவற்றைக் கொள்பவர்க்கு அழுத்தம் மிகவும் தாழலாம். சிறுநீரகத்துக்கும் துன்பம் நேரலாம். வாந்திபேதி கண்ட அன்றே சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். சில நாட்களுக்கு மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். உடல் தேறியதும் மீண்டும் தொடங்கச் சொல்வார்கள். மறுபடி தொடங்க மறத்தல் கூடாது.

மாத்திரை தொடங்கிய புதிதில் திடீரென எழுந்தால் தலை சுற்றலாம். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பின்னர் எழுக. தலைசுற்றல் உள்ள நாளில் கிணற்றுமேடு ஏறுவதும், மரம் ஏறுவதும், டிராக்டர் ஓட்டுவதும் வேண்டாம்.

பக்க விளைவுகள்

அம்லோடிபின் கொள்வோர் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். தலைவலியும் முகச் சூடும் தோன்றும். எனலாப்ரில் சிலர்க்கு வறட்டு இருமலைத் தரும். இவற்றைக் கண்டு அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடுதல் பெருந்தவறு. டாக்டரிடம் கூறினால் அளவைக் குறைப்பார். வேறு மருந்தும் கொடுப்பார். கால் வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்றும் பார்ப்பார். ஆனால் உதடு, நாக்கு, முகம் ஆகியவை வீங்கி மூச்சு முட்டினால் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரையைப் பேணும் விதம்

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துத் தாளில் மடித்து வைக்க வேண்டாம். பெயரும் கெடுதேதியும் உள்ள பகுதியைக் கடைசிவரை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையும் கொதிப்பு மாத்திரையும் உருவத்தில் ஒத்திருக்கலாம். எழுத்தறியாத முதியோர் மாற்றிக் கொள்ள இடமுண்டு. தனித்தனிப் பையில் வைத்து, ஒன்றில் சூரியனையும் மற்றொன்றில் நிலவையும் வரைந்து கொடுத்தால் பேரப்பிள்ளைகளின் படிப்பும் பயன்பட்டதாகும். அடுப்பங்கரைச் சூட்டிலும் ஈரத்திலும் வைக்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது மிக மிக அவசியம். அம்லோடிபின் மாத்திரை ஓரிரண்டே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடும்.

மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்னதாகவே அடுத்த மாதத்துக்குரியதை வாங்கிவிட வேண்டும். விதை நெல்லை விதைக்கும் நாளன்று தேடுபவர் இலர் அல்லவா?

உணவு

மாத்திரை உண்ணுகிறோம் என்பதற்காக உப்பைக் கட்டுப்பாடின்றிக் கொள்ளலாகாது. நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேர்ந்ததே. புகையிலையையும் மதுவையும் விலக்குதல் வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். குறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு. தண்ணீரோ சோடாவோ புகட்டலாகாது. விழுங்க இயலாமல் மூச்சுக் குழலில் புகும். கொதிப்பு மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும், கூடுதலாக ஒன்று கொடுப்பதும் தீங்கு செய்யும். மார்வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது.

பஞ்சாயத்தின் பங்கு

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்படி ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தம் பார்த்து மாத்திரை வழங்கலாயினர். வீட்டு வாயிலுக்கு மாத்திரை வருவது அரசினர் செயல். வீட்டுக்குள் அது நாள்தோறும் விழுங்கப்படுவது நம் செயல். இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினர்களின் தொண்டு வேண்டப்படுகிறது.

ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் 30 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அழுத்தம் பார்த்துக்கொள்ளுமாறு தூண்டலாம். கிராம சபை கூடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு நிழலும் நாற்காலியும் வேண்டும். ஏனெனில், நடந்து வந்த களைப்போடு பார்த்தால் எண் ஏறிக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்துப் பேசாமலிருந்து பார்ப்பதே முறை. அதற்கு அரைமணி நேரம் முன்னதாகக் காப்பியும் புகையிலையும் தவிர்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மாத்திரை வாங்கச் செல்ல இயலாதவர்க்குப் பக்கத்து வீட்டார் ஒருவர் குறிப்பேட்டைக் கொண்டு சென்று வாங்கிவர ஒழுங்கு செய்யலாம். ஊரில் மருந்து இருப்புக் குறைந்தால் உரியவர்க்கு எழுதிக் கேட்பதும் உறுப்பினரின் கடமையே. இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, அக்கறையே வேண்டும்.

சுருங்கக் கூறின், நாள்தோறும் ஒரே வேளையில் கொள்க. நலமாக இருப்பினும் நிறுத்தற்க. பிறர் மாத்திரையை வாங்கவும் வேண்டாம், தம்முடையதைக் கொடுக்கவும் வேண்டாம். வலி மருந்துக்கு முன் கேட்க. துன்பம் தோன்றினால் டாக்டரிடம் கூறுக. இன்று இக்கூட்டத்திலிருந்து வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். வீட்டுப் பெரியவர்களிடம் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி, எத்தனை மீதமிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதற்கு மேல் இருந்தால் அன்போடு காரணம் கேளுங்கள்.